குழி யாருடையது?

தெருவிளக்கு, தண்ணீர், குப்பை என்று கவுன்சிலரிடம் ஆயிரம் வேலை கேட்கிறோம். அதில் முதல் வேலை எது தெரியுமா?

எங்கள் தெருவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை திடீரென்று குழி ஒன்று முளைத்திருந்தது. நான்கடி நீளம், இடுப்பளவு ஆழம். இரவோடு இரவாக வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சுற்றிலும் ஒரு கயிறுகூடக் கட்டவில்லை. மூலை வீட்டுப் பெரியவர் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்து, அதில் சிவப்புத் துண்டு ஒன்றைக் கட்டிவைத்தார். எச்சரிக்கைப் பலகை தயார்.

அடுத்து புகார் கொடுக்க வேண்டும். யாரிடம்? தண்ணீர் லைன்தான் என்றார் ஒருவர். கரன்ட் கேபிள் என்றார் இன்னொருவர். மழைநீர் வடிகாலுக்காக இருக்கும் என்று மூன்றாமவர் அடித்துச் சொன்னார். மூன்று நாள், மூன்று இடங்களுக்குப் போன் போட்டோம். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். "அது எங்க வேலை இல்லைங்களே" என்றார்கள். அதற்குள் பால்காரப் பையன் சைக்கிளோடு ஒருமுறை உள்ளே விழுந்து எழுந்துவிட்டான்.

நான்காம் நாள் கவுன்சிலர் வந்தார். முதல்முறையாக ஜெயித்தவர். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குழியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தார்.

"தண்ணி லைன் இல்ல சார் இது. கரன்ட்டும் இல்ல. அந்த ஆரஞ்சு கலர் பைப்பப் பாருங்க. இன்டர்நெட் கேபிள்."

"ரோடு வெட்ட பர்மிஷன் வாங்கியிருப்பானாம்மா?" என்றார் பெரியவர்.

"வாங்கியிருந்தா மாநகராட்சி இன்ஜினியர் ஏ.இ. கிட்ட விவரம் இருக்கும். கேட்டுட்டு சாயங்காலம் குரூப்ல போடறேன்."

மாலை ஐந்தே முக்காலுக்குத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது: 'குழி தனியார் இன்டர்நெட் கேபிளுக்காக வெட்டியது. சனிக்கிழமைக்குள் மூடச் சொல்லியிருக்கிறோம். மூடவில்லை என்றால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.' சனிக்கிழமை மூடவில்லை. ஞாயிறு காலை, 'ஆள் வரவில்லை, திங்கள் மதியம் மூடுவார்கள்' என்று இன்னொரு வரி. திங்கள் மதியம் மூடினார்கள்.

சொன்ன தேதிக்கு இரண்டு நாள் தாமதம்தான். ஆனாலும் தெருவில் யாரும் சத்தம் போடவில்லை. முதல் நான்கு நாள் எங்களைக் கொதிக்கவைத்ததில் குழிக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பாதி, அது யாருடைய குழி என்றே தெரியாமல் இருந்தது. கவுன்சிலர் மண்வெட்டி தூக்கவில்லை, சொந்தப் பணம் போடவில்லை. விசாரித்து வந்து சொன்னார். சொன்னது நடக்காதபோது அதையும் சொன்னார். உள்ளூர்ச் சேவையின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

ஒரு தெரு, பல முதலாளிகள்

வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரு ஒன்றுதான். ஆனால் அரசாங்கத்தின் கண்ணில் அது பல துண்டு.

மேலே இருக்கும் தார், தெருவிளக்கு, குப்பைத் தொட்டி, மழைநீர் வடிகால் எல்லாம் சென்னை மாநகராட்சியுடையவை. தாருக்குக் கீழே ஓடும் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் 1978-ல் தொடங்கப்பட்ட சென்னைக் குடிநீர் வாரியத்துடையவை. ஊரில் யாரைக் கேட்டாலும் மெட்ரோ வாட்டர். பில்லர் பாக்ஸும் கேபிளும் மின்வாரியத்துடையவை. ரேஷன் கடை வேறு துறை. சாலையிலும் சாதி உண்டு. உட்புறத் தெரு என்றால் மண்டல அலுவலகம் கவனிக்கும். பேருந்து போகும் சாலை என்றால் மாநகராட்சியிலேயே அதற்குத் தனித் துறை. சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம்.

இதில் மிகவும் வேதனையான இடம், மழைநீர் வடிகாலில் கழிவுநீர் ஓடும் இடம். வடிகால் ஒருவருடையது, அதில் ஓடும் தண்ணீர் இன்னொருவருடையது. நாற்றம் மட்டும் நம்முடையது. புகாரை வாங்கிக்கொள்ள இரண்டு ஆபீஸ் இருக்கும். இது எங்களுடையதுதான் என்று ஒப்புக்கொள்ள முதலில் ஓர் ஆளைத் தேட வேண்டும்.

2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 200 வார்டு, 15 மண்டலம். அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி விரிந்த நகரில் சுமார் 67 லட்சம் பேர். வார்டுக்குச் சராசரியாக முப்பத்து மூவாயிரம் பேருக்கு மேல். இத்தனை பேருக்கும் இத்தனை துறைக்கும் நடுவே, தேர்ந்தெடுக்கப்பட்டு, தெருவில் பார்த்தவுடன் "ஏம்மா, நில்லு" என்று மடக்கிக் கேட்கக்கூடிய ஒரே ஆள் கவுன்சிலர்.

அவர் கையில் இருப்பதோ கொஞ்சம்தான். மாநகராட்சி கவுன்சிலர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் என்று 2023-ல் அரசு அறிவித்தது. வார்டு மேம்பாட்டு நிதி சென்னையில் 2022-ல் 35 லட்சம்; படிப்படியாக உயர்ந்து 2025 பட்ஜெட்டில் 60 லட்சம் ஆனது. முப்பத்து மூவாயிரம் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஆண்டுக்கு 200 ரூபாய்கூட வராது. மெட்ரோ வாட்டர் பொறியாளரோ மின்வாரிய அதிகாரியோ கவுன்சிலருக்குக் கீழே வேலை பார்ப்பவர்களும் இல்லை. அவர்களிடம் இவர் கேட்கலாம், நச்சரிக்கலாம், மாமன்றத்தில் நேரமில்லா நேரத்தில் எழுந்து பேசலாம். கட்டளையிட முடியாது. ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டதை மக்களுக்குச் சொல்ல எந்த நிதியும் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம்.

ஆள் இல்லாத ஆண்டுகள்

இந்தப் பதவியின் அருமை அது இல்லாமல் போனபோதுதான் தெரிந்தது.

சென்னை மாநகராட்சி 1688-ல் தொடங்கியது. நாட்டிலேயே பழைய மாநகராட்சி என்று பெருமை பேசுவோம். பெருமைக்குக் காரணமும் உண்டு. பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடத் தொடங்கினார்கள். பின்னால் மாநிலம் முழுவதும் பரவிய திட்டத்தின் முதல் பந்தி அது. நகரின் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கம் வரப் பாடுபட்டவர் 1939-ல் மேயரான சத்தியமூர்த்தி. நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரே இன்றும் இருக்கிறது.

அப்படிப்பட்ட மாமன்றம் 1973-ல் மஸ்டர் ரோல் என்னும் கூலியாட்கள் வருகைப் பதிவேட்டு ஊழலையொட்டிக் கலைக்கப்பட்டது. மறுபடி தேர்தல் நடக்க 1996 வரை, இருபத்து மூன்று ஆண்டு ஆனது. அதற்குள் ஒரு தலைமுறையே கவுன்சிலர் என்றால் என்னவென்று பார்க்காமல் வளர்ந்துவிட்டது. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்றானது. அப்படியும் 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்ததும், நீதிமன்ற வழக்கு, வார்டு மறுவரையறை என்று தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. 2022 பிப்ரவரி 19-ல்தான் வாக்குப்பதிவு.

அந்த ஐந்தேகால் ஆண்டில் என்னவெல்லாம் நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, லாரித் தண்ணீருக்காகக் குடங்கள் வரிசை கட்டின. 2020-ல் கொரோனா. 2021 நவம்பரில் வெள்ளம். நகரம் மிகவும் தவித்த இந்த மூன்று தருணங்களில், 200 வார்டிலும் ஒரு கவுன்சிலர் கிடையாது. அதிகாரிகள் இருந்தார்கள், பலர் ராப்பகலாக உழைத்தார்கள். ஆனால் லாரி எத்தனை மணிக்கு எந்த முனைக்கு வரும் என்று வாசலில் நிறுத்திக் கேட்க, பழகிய முகம் ஒன்று இல்லை.

ஆள் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் அதே நகரம் பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது மாமன்றம் இருந்தது. மின்சாரம் போனது, செல்போன் டவர்கள் செத்தன. படகு எப்போது வரும், பால் எங்கே கிடைக்கும், தண்ணீர் இன்னும் ஏறுமா என்று எதுவும் தெரியாமல் மாடியில் நின்றவர்கள் கேட்ட கேள்வி, "கவுன்சிலர் எங்கே?" வெள்ளத்தைக் கவுன்சிலரால் நிறுத்த முடியாது என்று அவர்களுக்கும் தெரியும். வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பதுதான் ஆற்றாமை.

பேட்டைச் செய்தியின் கதை

தினசரிகளுக்கு ஒரு தெருவின் செய்தி சின்னது. குழாய் உடைந்தால் செய்தி வராது. உடைந்த குழாயால் ஆள் செத்தால் வரும். அந்த இடைவெளியைச் சென்னையில் முதலில் பிடித்துக்கொண்டவை பேட்டைப் பத்திரிகைகள். மயிலாப்பூர் டைம்ஸ், அடையார் டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ், அண்ணா நகர் டைம்ஸ் என்று வார இறுதியில் இலவசமாக வாசலில் வந்து விழும் ஆங்கில வார இதழ்கள். வீடு வாடகைக்கு, டியூஷன், கேட்டரிங் விளம்பரங்களுக்கு நடுவே, பூங்கா நடைபாதை பெயர்ந்தது, தெப்பக்குளத்தில் பாசி, சிக்னல் வேலை செய்யவில்லை என்ற செய்திகள். அதிகாரிகளும் படித்தார்கள். அதனாலேயே சில வேலைகள் நடந்தன.

ஆனால் விளம்பரம் எங்கே கிடைக்குமோ அங்கேதான் இலவசப் பத்திரிகை பிழைக்கும். அதுவும் ஆங்கிலத்தில். குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு அது ஏறவில்லை. அங்கே செய்தி என்றால் டீக்கடைப் பேச்சு, ரேஷன் கடை வரிசை, ஆட்டோவில் மைக் கட்டி வரும் முகாம் அறிவிப்பு.

இப்போது அந்த இடத்தையெல்லாம் வாட்ஸ்அப் எடுத்துக்கொண்டிருக்கிறது. 2022-க்குப் பிறகு வந்த கவுன்சிலர்களில் பலர் தெருவாரியாகக் குழு வைத்திருக்கிறார்கள். நல்ல குழுவில் வரும் செய்தி தந்தி மாதிரி இருக்கும். 'நாளை காலை 9 முதல் நம் தெருவில் மில்லிங் வேலை. வண்டிகளை இன்று இரவே எடுத்துவிடவும்.' இந்த ஒரு வரியின் மதிப்பு சென்னைவாசிக்குத் தெரியும். மில்லிங் என்றால் பழைய தாரைச் சுரண்டி எடுப்பது. அப்படிச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுத்தானே நம் வீடுகள் தெருவைவிடத் தாழ்ந்துபோயின! ஒரு கார் மறித்து நின்றால் அந்தத் துண்டை விட்டுவிட்டு எந்திரம் போய்விடும். மழைக்காலத்தில் அந்தத் துண்டுக்குப் பக்கத்து வீட்டில்தான் தண்ணீர் நுழையும். முந்தின நாள் சொன்ன ஒரு வரி ஒரு வீட்டைக் காப்பாற்றும்.

கெட்ட குழுக்களும் உண்டு. காலை வணக்கம், தலைவர் பிறந்தநாள் போஸ்டர், பிளீச்சிங் பவுடர் தூவும் இடத்தில் பத்துப் பேர் நிற்கும் போட்டோ. யாராவது நடுவில் 'எங்கள் தெருவில் மூன்று நாளாக விளக்கு எரியவில்லை' என்று எழுதினால், மேலே ஐம்பது கைகூப்பும் பொம்மைகள் வந்து அதை மூடிவிடும். சில குழுக்களில் நிர்வாகி மட்டுமே எழுதலாம் என்ற பூட்டு. அதற்குப் பெயர் நோட்டீஸ் போர்டு.

குழுவில் இல்லாதவர்களையும் நினைக்க வேண்டும். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டி, ஐந்து மணிக்கே வீட்டு வேலைக்குக் கிளம்பிவிடும் பெண், வாடகைக்கு வந்து மூன்று மாதமே ஆன குடும்பம். தண்ணீர் வராத நாளில் அதிகம் அவதிப்படுபவர்கள் அவர்கள்தாம். ரேஷன் கடைச் சுவரில் ஒரு கரும்பலகையும் சாக்பீஸும் இருந்தால் அவர்களுக்கும் சேதி போய்ச்சேரும். நூறு ரூபாய்ச் செலவு.

சேதியா, சலுகையா?

இனி, கொஞ்சம் கசப்பான பக்கம்.

தகவல் என்பது அதிகாரம். எந்தத் தெருவுக்கு எப்போது ரோடு போடுகிறார்கள், எந்த முதியோர் உதவித்தொகை மனு எந்த மேசையில் நிற்கிறது, எந்த வீட்டில் புதிதாக மாடி எழும்புகிறது என்பதெல்லாம் கவுன்சிலருக்குத் தெரியும். தெரிந்ததை எல்லாருக்கும் சொன்னால் அது சேவை. வேண்டியவருக்கு மட்டும் சொன்னால் சலுகை. சொல்வதற்கே விலை வைத்தால் என்ன பெயர் என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீடு கட்ட ஜல்லி இறக்கியதும் பைக்கில் இரண்டு பேர் வந்து நிற்பார்கள் என்ற பேச்சு இந்த ஊரில் எந்தக் கட்சிக் காலத்திலும் ஓய்ந்ததில்லை.

இன்னொன்று, கவுன்சிலரின் வீட்டுக்காரர். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு 2016-ல் சட்டமானது. அதன் பலனாகச் சென்னையில் பாதி வார்டுகள் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. 2022-ல் இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருவர், ஆர். பிரியா, மேயரானார். அப்படியும் சில வார்டுகளில் போனை எடுப்பது கணவர், ஏ.இ.யிடம் பேசுவது கணவர், குழுவில் எழுதுவதும் கணவர். ஓட்டுப் போட்டது ஒருவருக்கு, பதில் சொல்வது இன்னொருவர் என்றால், சொன்ன சொல்லுக்கு யாரைப் பிடிப்பது? எங்கள் தெருக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தது கவுன்சிலரே என்பதால்தான் திங்கள்கிழமை வரை பொறுத்திருந்தோம்.

2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், ஆபீஸ்கள் தங்களைப் பற்றிய விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 4-ஆவது பிரிவு சொல்கிறது. மனு எழுதிப் பத்து ரூபாய் கட்டி முப்பது நாள் காத்திருப்பது பிறகுதான். வார்டில் நடக்கும் வேலையின் பெயர், தொகை, ஒப்பந்தக்காரர், முடியும் தேதி ஆகிய நாலு வரியை வேலை நடக்கும் இடத்தில் எழுதிவைத்தாலே பாதிப் புகார் குறைந்துவிடும். மீதிப் பாதி சரியான ஆளிடம் போய்ச்சேரும்.

ஊர்க்கூட்டம் நகரத்துக்கு வந்தது

கிராமத்துக்குக் கிராம சபை இருக்கிறதே, நகரத்துக்கு ஏன் இல்லை என்று பல ஆண்டு கேட்டோம். 2022-ல் விதிகள் வந்தன. ஒவ்வொரு வார்டுக்கும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பகுதி சபை. சென்னையில் வார்டுக்குப் பத்து. ஆண்டுக்கு நான்கு முறை கூட்டம். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் முதல் கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபையில் உட்கார்ந்தார்.

குறைகள் இருக்கின்றன. பகுதி சபைப் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. கூட்டம் நடப்பதே கூட்டம் முடிந்தபிறகுதான் பலருக்குத் தெரிகிறது. ஷாமியானா, சுண்டல், மூன்று தெருக்காரர்கள், இரண்டு அதிகாரிகள், ஒரு போட்டோ, முடிந்தது. மனுவை வாங்கிக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அடுத்த கூட்டத்தில் அதே மனு புதுத் தாளில் வருகிறது.

ஆனாலும் சட்டப்படி நமக்கென்று போட்ட நாற்காலி அது ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் கேட்ட கேள்வி மேலே ஓடி மறைந்துவிடும். சபையில் கேட்ட கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றலாம். ஒரு கவுன்சிலர் தன் வார்டுக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம் இரண்டே: கூட்டத் தேதியை ஒரு வாரம் முன்பே கரும்பலகை வரை கொண்டுபோவது, கூட்டம் தொடங்கியதும் போன முறை கேட்டவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, ஆனது எது, ஆகாதது எது, ஏன் ஆகவில்லை என்று சொல்வது. 'நிதி இல்லை' என்பதும் பதில்தான். 'அது என் துறை இல்லை, இவருடைய துறை, நான் கடிதம் கொடுத்திருக்கிறேன்' என்பதும் பதில்தான். மௌனம் மட்டும்தான் பதில் இல்லை.

கிழித்து வைத்துக்கொள்ள

சாலை, தெருவிளக்கு, குப்பை, கொசு, தெருநாய், மழைநீர் வடிகால்: மாநகராட்சி, 1913.

குடிநீர், கழிவுநீர் அடைப்பு: மெட்ரோ வாட்டர், 1916 அல்லது 044 4567 4567.

மின்தடை, அறுந்த கம்பி: மின்னகம், 94987 94987.

புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணோடு கவுன்சிலரிடம் போங்கள். எண் இருந்தால் அவர் அதை எடுத்துப் பேசுவது எளிது.

கேட்க வேண்டிய கேள்வி

2022 மார்ச்சில் பதவியேற்ற இந்த மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் ரோடு போடுவேன், விளக்குப் போடுவேன் என்று சொல்வார்கள். கேட்டுக்கொள்வோம். கூடவே, 'வாரம் ஒருமுறை வார்டில் என்ன நடக்கிறது என்று எழுதிப் போடுவீர்களா? பகுதி சபையில் போன தடவைக் கணக்கைப் படிப்பீர்களா? போனை நீங்களே எடுப்பீர்களா?' என்றும் கேட்போம். மூன்றுக்கும் பைசா செலவில்லை. அதனால் நிதி இல்லை என்று தப்பிக்கவும் முடியாது.

நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. எங்கள் வார்டில் பத்துப் பகுதி சபை இருக்கிறது. என் தெரு அதில் எதில் வருகிறது என்பது இத்தனை பக்கம் எழுதும் எனக்கே போன மாதம்தான் தெரிந்தது, அதுவும் மூலை வீட்டுப் பெரியவர் சொல்லி. அவர் எல்லாக் கூட்டத்துக்கும் போகிறாராம். உங்கள் தெரு எந்தப் பகுதி சபையில் இருக்கிறது என்று இன்றைக்கே கவுன்சிலருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.